பாடு இல்லாத பிள்ளைகள்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் 'பாடு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. குப்பத்தில் "இன்னிக்கு அவன் பாடு" என்றால், ஏரியில் குறிப்பிட்ட இடத்தில் வலை கட்டுவதற்கு இன்று அவன் முறை என்று பொருள். எங்கள் காலனியில் ஆயா "நான் பட்ட பாடு" என்று தொடங்கினால் அது வேறு கதை. வளரும் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஏன் நிற்கிறார்கள், நின்றவர்களைத் திருப்பிக் கொண்டு வருபவர்கள் யார் என்று எழுத உட்கார்ந்தபோது, இந்த இரண்டு பாட்டையும் விட்டுவிட்டு என்னால் எழுத முடியவில்லை.

முதலில் குப்பத்துப் பாடு. ஏரியில் எறா அதிகம் ஓடும் இடங்களில் சுத்துவலை கட்டும் உரிமை இது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களிடம் வழிவழியாக இருந்து வந்திருக்கிறது. ஊரின் தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் ஏறிய ஆண்களுக்கு மட்டும்தான் பங்கு. பையன் பெரியவனாகி, கல்யாணம் முடித்துத் தலைக்கட்டானால் அவனுக்கும் பாடு உண்டு. யார் எந்த நாளில், எந்த இடத்தில் என்பதைக் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பிரித்துக் கொள்வார்கள். அந்தப் பட்டியலுக்குள் இருப்பவர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு. பெரிய மீன்காரன், சின்ன மீன்காரன் பேதமில்லை. ஆய்வாளர்கள் பலர் இதை மெச்சி எழுதியிருக்கிறார்கள்.

பட்டியலுக்கு வெளியே யார் என்று கேட்டால்தான் சிக்கல். தலித்துகள் வெளியே. இருளர்கள் வெளியே. பெண்கள், எந்தச் சாதியானாலும் வெளியே. எங்கள் ஆட்களும் இருளர்களும் காலங்காலமாக ஆழமில்லாத தண்ணியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித்தடவி எறா பிடிப்பவர்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணியில் நாள் பூராவும். ஏரியில் பங்கு கேட்டு மற்ற ஊர்க்காரர்கள் கிளம்பியபோதெல்லாம் மோதல்தான் நடந்தது. இதை நான் குப்பத்துக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எழுதவில்லை. எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபிறகு அவர்கள் பாடும் எங்கள் பாடு மாதிரிதான் ஆகிக்கொண்டிருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. பதினாலு வயதுப் பையன் ஒருவன் படிப்பில் தடுமாறினால், குப்பத்தில் அவனுக்கு ஒரு படகு இருக்கிறது, சித்தப்பன் பெரியப்பன் இருக்கிறார்கள், கடைசியில் பட்டியலில் ஒரு இடம் இருக்கிறது. எங்கள் பிள்ளை தடுமாறினால் அவனுக்குப் பல்லில் கவ்வ ஒரு பறி இருக்கிறது. அவ்வளவுதான்.

*

இந்தக் கரைக்குப் பிள்ளைகளை இழந்த வரலாறு புதிதில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறையின் சிற்ப வேலைப்பாட்டைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அதே நூற்றாண்டில் அதே டச்சுக் கம்பெனி துணியோடு சேர்த்து மனிதர்களையும் இங்கிருந்து கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பியது. போரில் பிடிபட்டவர்கள், பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள். பஞ்சத்தில் முதலில் விலை போவது யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருந்து இருளர் குடும்பங்களைப் பிள்ளை குட்டிகளோடு மீட்க வேண்டியிருந்தது. அட்வான்ஸ் என்று கொஞ்சம் பணம் கை மாறும். அதோடு பள்ளிக்கூடம் முடியும்.

இந்த இழப்புக்கு எதிராக நம்மிடமும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் சரியாக எழுதவில்லை. புனேயில் ஜோதிராவ் புலே 1855இல் பகலெல்லாம் உழைப்பவர்களுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார். சென்னை ஊரூரில் 1894இல் ஆல்காட்டின் இலவசப் பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளிகளோடு அயோத்திதாசப் பண்டிதரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளியைத் தொடங்கி, தில்லைக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனின் பிள்ளைகளை அதே ஊரில் உட்கார வைத்துப் படிக்க வைத்தார். சென்னைச் சேரிகளில் அருந்ததியப் பிள்ளைகளுக்காக எல்.சி. குருசாமி இரவுப் பள்ளிகள் நடத்தினார். சட்டசபையில் உட்கார்ந்தவர் அவர். சட்டசபை முடிந்து சேரிக்குத் திரும்பி வந்தவரும் அவரே.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இப்படி ஒருவர் உண்டு. ஆசிரியரும் எழுத்தாளருமான கேளுஸ்கர். சிறுவன் பீமராவ் தேர்வில் தேறியதற்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவர் பரிசாகக் கொடுத்தார். பிறகு பரோடா மன்னரிடம் உதவித்தொகைக்கு வழி செய்யவும் முன் நின்றார். புத்தகம் கொடுத்தது பெரிது. ஆனால் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், அடுத்த படிக்கும் கூட வந்து நின்றாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அறிவு தர ஆள் கிடைக்கும். கூட வர ஆள் கிடைப்பது அரிது.

*

எனக்கும் ஒரு ஆள் கிடைத்தார். எங்கள் காலனியில் முதன்முதலில் காலேஜ் முடித்த அண்ணன். பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவார். சாயங்காலம் பஞ்சாயத்து டிவி ரூம் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைப்பார். உண்மையைச் சொன்னால் அவருக்குக் கணக்குச் சொல்லித்தரத் தெரியாது. அவருக்கே சில கணக்கு வராது. "இரு, நாளிக்குக் கேட்டுனு வந்து சொல்றேன்" என்பார். மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தும் சொல்வார்.

ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். நைனாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மாவோடு எறா தடவப் போனேன். ஒரு நாள் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாடா, பறி போவுது. பை எங்க?"

"படிச்சி இன்னாண்ணா ஆவப் போவுது?"

அவர் பதில் சொல்லவில்லை. அறிவுரை சொல்லவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பத்துப் பன்னிரண்டு நாள் ஆன பிறகு அம்மாவே, "போய்த் தொலடா, அந்தப் புள்ள தெனம் வந்து நின்னுனு கீது, எனக்கே வெக்கமாக் கீது" என்றாள். அப்படித்தான் நான் திரும்பிப் போனேன். பரீட்சைக்குப் பணம் கட்டியது அவர். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை கூட வந்ததும் அவர். எங்களுக்காவது தாசில்தார் கையெழுத்து போதும். இருளர் பிள்ளைக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். சான்றிதழ் இல்லாததால் படிப்பை விட்ட இருளர் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெரிய ஆள் கூட உட்கார்ந்திருந்தால், கிளார்க் பேசுகிற தொனியே மாறும்.

தமிழில் எம்.ஏ. முடித்தேன். 'ஆற்றுப்படை' பற்றி வகுப்பில் நடத்தினார்கள். பரிசில் வாங்கித் திரும்புகிறவன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவது. எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. வழி சொல்வது ஆற்றுப்படை என்றால், அண்ணன் செய்தது அதற்கும் மேலே. அவர் கூடவே நடந்தார்.

*

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. பட்டியல் எடுக்க வந்தவர்கள் படகு இருக்கா, வலை இருக்கா என்று கேட்டார்கள். பறி இருக்கா என்று யாரும் கேட்கவில்லை. அதன் பின்னால் பிள்ளைகளுக்கு 'உளவியல் ஆற்றுப்படுத்துதல்' என்று ஒரு வெளியூர் அமைப்பு மையம் திறந்தது. கேரம் போர்டு, கலர் பென்சில், ஒரு நல்ல சார். அந்த சாரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அவர் மேல் உயிராக இருந்தார்கள். திட்டம் முடிந்தது. சார் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளக் கூட அவருக்கு அவகாசம் தரப்படவில்லை போலும். என் கூட்டாளி ஒருவன் பல வாரம் பூட்டிய மையத்து வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வருவான். அப்புறம் அவன் பள்ளிக்கும் போகவில்லை, டிவி ரூம் திண்ணைக்கும் வரவில்லை. "எல்லாரும் போறவங்கதான்டா" என்றான்.

வெகு நாள் கழித்து ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1904 முதலே, ஏழைப் பிள்ளை ஒருவனுக்குப் பெரியவர் ஒருவர் அண்ணனாக இருப்பது என்ற இயக்கம் உண்டு. அந்தப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. 10 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 959 பேர். அண்ணனோ அக்காவோ கிடைத்தவர்களில் போதைப்பழக்கத்தைத் தொடங்கியவர்கள், கிடைக்காதவர்களை விட 46 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போடுவதும் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே விவரங்களை 2002இல் திரும்பவும் அலசியபோது ஒன்று தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் இந்தப் பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகள் தம்மைப் பற்றிய மதிப்பீட்டில் முன்பு இருந்ததை விடக் கீழே போயிருந்தார்கள். அதாவது வந்துவிட்டுப் போவது, வராமல் இருப்பதை விடக் கெடுதல். திட்ட அறிக்கை எழுதுபவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

*

அரசு என்ன செய்கிறது? கொரோனா காலத்துக்குப் பின் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பெண்கள் லட்சக்கணக்கில் தன்னார்வலர்களாக வந்தார்கள். நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் காலனி அக்காக்கள் தங்கள் வாசலையே வகுப்பாக்கினார்கள். ஆனால் அது 1 முதல் 8 வரைக்கும்தான். பிறகு மையங்களும் குறைந்தன. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, அதற்கும் வரம்பு 14 வயது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயது தாண்டினால் அபாயகரமான தொழில் தவிர மற்றதற்குப் போகலாம். 14க்குக் கீழேயும் 'குடும்பத் தொழில்' என்றால் பள்ளி நேரம் போக உதவி செய்யலாம். எறா தடவுவது குடும்பத் தொழில்தானே!

இப்படி எல்லாக் கைகளும் ஒரே வயதில் பிள்ளையை விடுகின்றன. அந்த வயதில்தான் பையனுக்குத் துறைமுகத்துக் காண்ட்ராக்ட் வேலை தெரிகிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். அந்த வயதில்தான் வகுப்பில் சாதி என்ன என்று கண்ணாலேயே கேட்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்டது பள்ளி மாணவன், வெட்டியதும் உடன் படித்தவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

*

நாங்கள் ஆறேழு பேர் இப்போது அதே திண்ணையில் உட்காருகிறோம். எங்கள் தோல்விகளையும் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் ஒரு திட்ட அறிக்கையாகிவிடும்.

முதல் மூன்று வருடம் நாங்கள் பையன்களை மட்டுமே பார்த்தோம். சாயங்காலம் ஆறரைக்குப் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதை இயல்பாக எடுத்துக்கொண்டோம். நன்றாகப் படித்த ஒரு பெண் பதினொன்றாம் வகுப்பில் நின்று கல்யாணம் ஆகிப் போனாள். எங்களில் ஒருவருக்கும் அது கல்யாணப் பத்திரிகை வரும்வரை தெரியாது. அவள் வீடு திண்ணையிலிருந்து நாலாவது வீடு. அதன் பிறகுதான் அக்காக்கள் இருவர் சேர்ந்து, பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் தனி நேரம் வைத்தார்கள். நாங்கள் வைக்கவில்லை, அவர்கள் வைத்தார்கள்.

இன்னொன்று சொல்லக் கூசுகிறது. இருளர் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தபோது, நம் ஆட்களே ஒரு தாய், "அதுங்க பாய்ல எம்புள்ளய ஒக்கார வெக்காதீங்க" என்றாள். குப்பத்துப் பட்டியலைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், நம் பாயில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அன்றைக்கு எல்லாப் பாயையும் சுருட்டி வைத்துவிட்டு எல்லோரும் வெறுந்தரையில் உட்கார்ந்தோம். அந்தத் தாய் ஒரு மாதம் பிள்ளையை அனுப்பவில்லை. பிறகு அனுப்பினாள். இருளர் பிள்ளைகளில் ஒருவன்தான் இன்னும் வருகிறான். மற்றவன் சூளைக்குப் போய்விட்டான்.

குப்பத்திலிருந்து நாங்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டோம், முறை வைத்தல். பன்னிரண்டு முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. குறைந்தது இரண்டு வருடம். வேலை கிடைத்து வெளியூர் போனால், தன் இடத்துக்கு ஆள் சொல்லி, பிள்ளையின் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போய் முகம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போகக் கூடாது. எங்களுக்கு இருக்கும் ஒரே சட்டம் இதுதான்.

படித்து வேலைக்குப் போன தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் அம்பேத்கர் பிறந்த நாளுக்கு ஊருக்கு வருகிறோம், மாலை போடுகிறோம், பரிசு கொடுக்கிறோம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறோம். நம் காலனியில் ஒன்பதாம் வகுப்பில் நின்ற பையன் பெயர் நமக்குத் தெரியுமா? அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் சாயங்காலம் திண்ணைக்கு வந்து, "இன்னிக்கு எவன்டா வரல?" என்றுதான் முதலில் கேட்கிறார். வராதவன் வீட்டுக்கு ஒருவர் எழுந்து போகிறோம்.