வகுப்பினுட் புகுந்த செயன்முறை

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வரலாற்றை ஸ்மோல்ரோக் மொழியிலிருந்து தொடங்குவாருளர். அது பொருந்தாது. 'பொருள்நோக்கு' என்னும் பெயரை இட்டவர் அலன் கே என்பது உண்மையே. ஆயின், சிமுலாவுக்குத் தாம் பட்ட கடனை அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.

ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில் ஓலே யோகான் டாலும் கிறிஸ்தன் நைகார்டும் 1967இல் வகுத்ததே சிமுலா 67. அதற்கு முன்னர், 1965இல், ரோனி ஹோர் முன்மொழிந்த பதிவு வகுப்பில் தரவு மாத்திரமே இருந்தது. நோர்வேயறிஞர் இருவரும் வகுப்பினுள்ளே செயன்முறையையும் அமைத்தனர். பாலமொன்றின் சுங்கச்சாவடியில் வரிசையாய் நிற்கும் லொறிகளும் பஸ்களும் அவர்கள் சிந்தித்த உதாரணங்களுள் ஒன்று. அதனையே நாமும் கொள்வோம். சுமையேற்றும் செயன்முறையை லொறி என்னும் வகுப்பில் ஒருமுறை எழுதினாற் போதும், எந்த லொறியின் பெயருக்குப் பின் புள்ளியிட்டு அதனை அழைக்கின்றோமோ, அந்த லொறியின் சுமையே கூடும், ஏனையவை மாறா. மாணவர் பெரும்பாலும் இடறுவது இவ்விடத்திலேதான்.

அழைக்கப்பட்ட பொருளைச் சுட்டுதற்குச் சிமுலாவில் 'இது' எனப் பொருள்படும் சொல்லொன்று இருந்தது. 1979இல் தம் பணியைத் தொடங்கிய பியானே ஸ்ட்ரூஸ்ட்ரப் அதனைச் சீ பிளஸ் பிளஸ் மொழிக்கும் எடுத்துக்கொண்டார்.

டாலும் நைகார்டும் 2001ஆம் ஆண்டுக்குரிய டியூறிங் பரிசைப் பெற்றனர். 2002இல் இருவரும் மறைந்தனர்.