ஹோமம் இல்ல, ஐயர் இல்ல... இந்தக் கல்யாணம் செல்லுமா?

முதல் தடவையா ஒரு சுயமரியாதைத் திருமணத்துக்கு உங்களுக்குப் பத்திரிகை வந்திருக்கா? அவசியம் போயிட்டு வாங்க. போறதுக்கு முன்னாடி இந்த த்ரெட்டைப் படிச்சிடுங்க.

மண்டபம் வழக்கமான மண்டபம்தான். வாசல்ல வாழைமரம், சந்தனம், கற்கண்டு எல்லாம் இருக்கும். வித்தியாசம் மேடையிலதான். ஹோம குண்டம் இருக்காது. அந்த இடத்துல ஒரு மைக் இருக்கும். ஒருத்தர் தலைமை தாங்குவார். மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாத்திக்குவாங்க. நிறைய பேர் தாலியும் கட்டுவாங்க, சிலர் அதையும் வேண்டாம்னு விட்டுடுவாங்க. ராகுகாலத்துலயே வேணும்னு நேரம் குறிக்கிறவங்களும் உண்டு.

பிறகு வாழ்த்துரை. நாலு பேர் பேசினா நாற்பது நிமிஷம். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க தயவுசெய்து வெறும் வயித்தோட போய் உட்காராதீங்க.

நான் முதன்முதலா போனது கூடப் படிச்ச நண்பனோட கல்யாணம். மாலை மாத்தினதும் பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் காதுல கேட்டார்: "ஏன் தம்பி, இது சட்டப்படி செல்லுமா?"

"செல்லும் ஐயா"ன்னு சொன்னேன். அவர் நம்பல. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்துல "செல்லாது"ன்னு உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு.

கதை 1928-ல தொடங்குது. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம் கிராமம். மே 28 அன்று பெரியார் தலைமையில, புரோகிதர் இல்லாம ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம்னு இயக்கத்துக்காரங்க குறிப்பிடறது இதைத்தான். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு மாநாடு. அதுக்கப்புறம் ஊர் ஊரா இப்படித் திருமணங்கள் நடந்தன. சாதி மாறிக் கட்டினவங்க, கைம்பெண்ணைக் கட்டினவங்க எல்லாம் அதுல உண்டு.

கல்யாணம் பண்ணி வைக்க ஊர்ல ஆள் இருந்தது. அதை ஏத்துக்க சட்டத்துல இடம் இல்ல.

1934-ல அப்படி நடந்த ஒரு திருமணம், சொத்து வழக்கா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 1953-ல தீர்ப்பு வந்தது. இந்து சட்டப்படி தேவையான சடங்கு நடக்கல. வழக்கம்னு சொல்லணும்னா அது தொன்றுதொட்டு வந்திருக்கணும். நேத்து ஒரு கூட்டம் தானே உண்டாக்கிக்கிட்ட முறையை வழக்கம்னு ஏத்துக்க முடியாது. ஆகவே அது செல்லுபடியாகும் திருமணம் இல்லை.

இதோட எடையை யோசிச்சுப் பாருங்க. அந்தத் தேதிக்குள்ள எத்தனையோ தம்பதிகள் பேரன் பேத்தி எடுத்திருப்பாங்க.

வார்டுல நான் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒண்ணு. கணவர் இறந்து மூணு நாள்கூட ஆகியிருக்காது. அந்தம்மா ஒரு ஃபைலோட வந்து நிப்பாங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப பென்ஷன், பேங்க் பாஸ்புக். எல்லாக் காகிதத்துலயும் "மனைவி"ங்கிற ஒரு வார்த்தைதான் அவங்களைக் காப்பாத்தும். அட்மிஷன் சீட்டுல கணவர் பேர் எழுதும்போது நாங்க யாரும் "அக்னி வலம் வந்தீங்களா"ன்னு கேட்கறதில்ல. நீதிமன்றம் கேட்டுச்சு.

1955-ல இந்து திருமணச் சட்டம் வந்தும் நிலைமை மாறல. அதோட 7-ஆவது பிரிவு, மணமக்கள்ல ஒருத்தர் தரப்பு வழக்கப்படியான சடங்குகள்னுதான் பேசுது. திரும்பவும் அதே "வழக்கம்".

1967 மார்ச்சுல அண்ணா முதலமைச்சரானார். அந்த வருஷமே சட்டமன்றத்துல திருத்தம் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோட 1968 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் 7ஏ பிரிவு.

அது சொல்றது ரொம்ப எளிமை. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில, ரெண்டு பேருக்கும் புரியற மொழியில ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கறதா அறிவிக்கணும். அல்லது மாலை மாத்தணும், இல்லேன்னா மோதிரம் போடணும். அல்லது தாலி கட்டணும். ஏதாவது ஒண்ணு போதும். அந்த "அல்லது"தான் சட்டத்தோட உயிர். அது "மற்றும்"னு இருந்திருந்தா தாலி வேண்டாம்னவங்க மறுபடியும் வெளியிலதான் நின்னிருப்பாங்க.

இன்னொண்ணு. புதுசா நடக்கிற திருமணத்துக்கு மட்டும் இல்லாம, ஏற்கெனவே நடந்ததுக்கும் சேர்த்து இது செல்லும்னு எழுதினாங்க. அதாவது, பல வருஷம் கழிச்சு சில பாட்டிகள் சட்டப்படி மனைவி ஆனாங்க. அவங்க பிள்ளைகளுக்கும் உரிமை வந்தது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

இந்தச் சட்டம் யாரும் எதிர்பார்க்காத இடத்துலயும் உதவிச்சு. மனைவி உயிரோட இருக்கும்போதே ஒருத்தர் 1984-ல திருத்தணியில இன்னொரு பெண்ணைக் கட்டினார். முதல் மனைவி கேஸ் போட்டாங்க. அவரோட வாதம் என்ன தெரியுமா? "ரெண்டாவது கல்யாணத்துல ஏழடி வைக்கல. அதனால அது கல்யாணமே இல்ல. நான் குற்றவாளியும் இல்ல." சடங்கு இல்லேன்னு சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். 2001-ல உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுல 7ஏ இருக்கு, ஏழடி கட்டாயமில்லேன்னு சொல்லி அந்த வாதத்தை ஒதுக்கிடுச்சு.

கடைசியா 2023 ஆகஸ்டுல இன்னொரு தீர்ப்பு. ஊரறிய அறிவிச்சாதான் 7ஏ திருமணம் செல்லும்ங்கிற கருத்தை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல. வீட்டுக்குப் பயந்து கல்யாணம் பண்ற ஜோடியை ஊரைக் கூட்டி அறிவிக்கச் சொன்னா என்ன ஆகும்னு நமக்கே தெரியும்.

பெரியவருக்கு இவ்வளவும் சொல்ல முடியல, பந்திக்குக் கூப்பிட்டுட்டாங்க. இலையில உட்கார்ந்ததும் ஒண்ணு மட்டும் சொன்னேன்: "ஐயா, சட்டம் கேட்கிற 'முன்னிலை' நீங்களும் நானும்தான்." சிரிச்சுட்டே இன்னொரு வடை கேட்டார்.

ஒரு விஷயம். 7ஏ ரெண்டு இந்துக்களுக்கு நடுவுல நடக்கிற திருமணத்துக்கு. மதம் வேறன்னா 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு. எந்த முறையில நடந்தாலும் தமிழ்நாட்டுல 2009 முதல் பதிவு கட்டாயம். 90 நாளைக்குள்ள பண்ணிட்டா நல்லது. மணமக்கள் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டா, அடையாள அட்டையை எடுத்துட்டுப் போய்ப் போட்டுக் கொடுத்துட்டு வாங்க.