திருகாணிக்கு ஓர் இலக்கணம்

தொழிற்புரட்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நீராவி எந்திரமும் இருப்புப் பாதையும் நூற்பாலையுமே ஆகும். அவற்றின் உறுப்புகளையெல்லாம் பிரியாமல் பிடித்து நிறுத்திய சிறுபொருள் ஒன்று உண்டு. திருகாணியே அது. பெருந்தேருக்கு அச்சாணி எத்தகையது என்பதை வள்ளுவர் வழி அறிந்த நமக்கு, இச்சிறுமையின் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும், யாப்பும் அணியும் பயிலும் ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் திருகாணிக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். திருகாணி செம்மையுற்ற வரலாறு ஓர் இலக்கணம் தோன்றிய வரலாறாகவும் இருப்பதே அதனை இங்குப் பேசக் காரணம். வழக்கில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, ஒப்புநோக்கி, பொதுவிதி கண்ட ஒருவரை இவ்வரலாற்றில் காண்கிறோம். பொதுவிதி இல்லாமையால் தீயை அணைக்க இயலாது தவித்த ஒரு நகரையும் காண்கிறோம்.

திருகாணியின் உடலைச் சுற்றிச் செல்லும் வரையை நம் பட்டறைகளில் 'மரை' என்பர். அறிவு நிலைதவறியவரை 'மரை கழன்றவர்' எனக் கூறும் உலக வழக்கையும் நாம் அறிவோம். இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

அரத்தால் அராவிய காலம்

18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இங்கிலாந்தில், மரத்தில் இறுக்கும் திருகாணியைக் கையாலேயே செய்து வந்தனர். இரும்புத் துண்டின் ஒரு முனையைக் காய்ச்சி அடித்துத் தலையாக்கி, தலையில் பள்ளம் அறுத்து, உடலில் அரத்தால் மரையை அராவுவர். ஒரு திருகாணியைச் செய்து முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். கண்ணும் கையுமே அளவுகோலாக இருந்தமையால் ஒன்று மற்றொன்றைப்போல் அமைவதில்லை. விலையும் மிகுதி. ஆதலின் தச்சர்கள் இயன்றவரை ஆணியையே நாடினர்.

ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஜாப் வயட், வில்லியம் வயட் என்னும் உடன்பிறந்தார் இருவர், திருகாணி வெட்டும் முறைக்கு 1760இல் காப்புரிமை பெற்றனர். அவர்தம் எந்திரத்தில் ஒரு திருகாணிக்கு ஆறேழு நொடிகளே தேவைப்பட்டன. அதனை இயக்குவோர் தேர்ந்த கைவினைஞராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு பழைய நீராலையைத் திருகாணி ஆலையாக மாற்றுவதற்குரிய முதலைத் திரட்டவே அவர்களுக்குப் பல்லாண்டுகள் ஆயின. 1776இல் தொடங்கிய அத்தொழில் அவர்கள் கையில் நிலைக்கவுமில்லை. பின்னர் அதனை ஏற்று நடத்தியோரே பயனடைந்தனர். முப்பது தொழிலாளர் நாளொன்றுக்கு 16,000 திருகாணிகள் செய்தனர் என்பது வரலாறு.

இவ்வாறு எண்ணிக்கை பெருகிற்று. ஆயினும் ஒரு பட்டறையின் மரையும் மற்றொரு பட்டறையின் மரையும் பொருந்துதல் என்னும் சிக்கல் அப்படியே நின்றது. அதனைத் தீர்ப்பதற்கு முதலில் நுண்மை வேண்டும். அடுத்து உடன்பாடு வேண்டும்.

பூட்டுப் பட்டறையில் பிறந்த நுண்மை

நுண்மை பிறந்த இடம் ஒரு பூட்டுப் பட்டறை என்பது சுவையான செய்தி. யார்க்ஷயர் உழவர் குடியில் 1748இல் பிறந்த ஜோசப் பிராமா, இளமையில் காலில் அடிபட்டு உழவுக்கு உதவாதவராகித் தச்சுத் தொழில் பயின்றவர். 1784இல் அவர் காப்புரிமை பெற்ற பூட்டு, கள்வர் கைக்கு எளிதில் இணங்காதது. அதனைத் திறக்கும் கருவி செய்வோர்க்கு 200 கினி பரிசளிக்கப்படும் என்ற அறிவிப்போடு, லண்டன் பிக்கடில்லியிலுள்ள அவரது கடைச் சாளரத்தில் ஒரு பூட்டு வைக்கப்பட்டது. 1851இல் லண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்கு வந்திருந்த ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், பதினாறு நாள்களில் பகுத்துச் செலவிட்ட 51 மணி நேர முயற்சிக்குப் பின்னரே அதனைத் திறந்தார்.

அத்தகைய பூட்டின் உறுப்புகள் மயிரிழை பிசகினும் பூட்டு இயங்காது. கையால் அவற்றைச் செய்வது பெருஞ்செலவு. இவ்விடரைத் தீர்க்கப் பிராமா 1789இல் பணியமர்த்திய பதினெட்டு வயது இளைஞரே ஹென்றி மாட்ஸ்லி. உல்விச் படைக்கலச் சாலையில் பன்னிரண்டு வயதில் வெடிமருந்து நிரப்பும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். பூட்டின் உறுப்புகளை ஒன்றுபோல் ஆக்கும் எந்திரங்களை அவர் பிராமாவுக்காகச் செய்தளித்தார். வாரக் கூலி 30 ஷில்லிங் போதவில்லை. உயர்த்தித் தருக என்று கேட்டார். மறுக்கப்படவே, 1797இல் வெளியேறித் தமக்கெனப் பட்டறை அமைத்தார்.

அப்பட்டறையில் உருவானதே திருகு வெட்டும் கடைசல் எந்திரம். அதன் செயல் எளிதில் விளங்கத்தக்கது. பிழையின்றி வெட்டப்பட்ட நீண்ட திருகு ஒன்று எந்திரத்தில் படுத்திருக்கும். அது சுழலச் சுழல, உளியைத் தாங்கிய பீடம் சீராக நகரும். எதிரே சுழலும் இரும்புக் கோலில் உளி அதே சீரில் மரையை வெட்டிச் செல்லும். இடையேயுள்ள பல்சக்கரங்களை மாற்றினால் மரையின் நெருக்கமும் மாறும். இவ்வுறுப்புகள் தனித்தனியே முன்பும் இருந்தன. அவற்றை முழுவதும் உலோகத்தால், நாள்தோறும் தொழிற்படத்தக்க ஓர் எந்திரமாக ஒருங்கிணைத்தது மாட்ஸ்லியின் பெருமை. ஒரு நல்ல திருகிலிருந்து பல நல்ல திருகுகள் பிறக்கலாயின. கைத்திறன் எந்திரத்துள் குடியேறியது என்று கூறின் மிகையாகாது.

வழக்கிலிருந்து விதி

நுண்மை வந்த பின்னும் உடன்பாடு வரவில்லை. மாட்ஸ்லி தம் பட்டறைக்குள் அளவுகளை ஒழுங்குபடுத்தினார். அடுத்த தெருப் பட்டறையோ வேறோர் அளவைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு திருகாணிக்கும் உரிய நட்டு அதற்கு மட்டுமே பொருந்தும். இன்னதற்கு இன்னது இணை என்று குறியிட்டு வைப்பர். குறி மாறினால் பழுது பார்ப்பவர் பாடு திண்டாட்டந்தான். மாட்ஸ்லியிடம் பணியாற்றிய ஜேம்ஸ் நாஸ்மித் தம் வாழ்க்கை நினைவுகளில் இந்நிலையைக் குறித்துள்ளார். இருப்புப் பாதைகள் நாடெங்கும் பரவிய காலத்தில் இது பொறுக்கவியலாத இடையூறாயிற்று. லண்டனில் செய்த எந்திரம் மான்செஸ்டரில் பழுதுபட்டால் அங்குள்ள திருகாணி அதற்கு உதவாது.

மாட்ஸ்லியிடம் பயின்ற மற்றொருவர் ஜோசப் விட்வொர்த். 1803இல் ஸ்டாக்போர்ட்டில் பிறந்து, லண்டனில் தொழில் கற்று, 1833இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை நிறுவியவர். 1841இல் லண்டன் கட்டுமானப் பொறியாளர் கழகத்தில், திருகு மரைகளுக்கு ஒரு பொதுமுறை வேண்டும் என்னும் கட்டுரையை அவர் அளித்தார்.

அவர் பின்பற்றிய நெறியே நம் கருத்துக்குரியது. தம் பட்டறை அளவே சிறந்தது, பிறர் அதனை ஏற்க என்று அவர் கூறவில்லை. இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்தும் திருகாணிகளைத் திரட்டினார். ஒவ்வொன்றின் மரைக் கோணத்தையும் ஆழத்தையும் நெருக்கத்தையும் அளந்து, அவற்றின் நடுவளவைக் கண்டார். கோணம் 55 பாகை எனத் தேர்ந்தது இவ்வாறே. கால் அங்குல விட்டமுடைய திருகாணிக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8 என அட்டவணை வகுத்தார்.

இது இலக்கண ஆசிரியர் செயலாகும். வழக்கையும் செய்யுளையும் நாடி, அவற்றுள் பொதுவாய் நிற்பதை விதியாக்குவது நம் மரபு கண்ட நெறி. சான்றோர் பாடிய பின்னரே யாப்பு நூல் எழுகிறது. விட்வொர்த்தின் விதியிலும் ஒவ்வொரு பட்டறையாரும் தம் வழக்கின் ஒரு கூற்றைக் காண முடிந்தது. முற்றும் அயலானதன்று என்பதால் ஏற்பது எளிதாயிற்று. இருப்புப் பாதை நிறுவனங்கள் முன்வந்து ஏற்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் பட்டறைகளில் அதுவே பெருவழக்காயிற்று.

இரண்டு இலக்கணங்களும் ஒரு தீயும்

ஓரிடத்து வழக்கு பிறிதோரிடத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எந்திரம் செய்துவந்த வில்லியம் செல்லர்ஸ், 1864இல் பிராங்க்ளின் கழகத்தில் வேறொரு முறையை முன்வைத்தார். விட்வொர்த்தின் மரை, உச்சியும் அடியும் வளைந்தது. 55 பாகைக் கோணமும் அவ்வளைவும் பிழையின்றி அமைவது அரிது. 60 பாகையும் தட்டையான உச்சியும் ஆயின் சராசரித் தொழிலாளியே எளிய கருவிகளால் வெட்டிவிடலாம் என்பது செல்லர்ஸின் வாதம். அமெரிக்கா அதனை ஏற்றது. ஒரே மொழி பேசும் இரு நாடுகளுக்கு இரண்டு மரை இலக்கணங்கள் தோன்றின.

பொதுவிதியே இல்லாத இடத்தில் நேர்வது இதனினும் கொடிது. 1904 பிப்ரவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்போர் புகைவண்டியில் எந்திரங்களோடு விரைந்து வந்தனர். தெருவில் தண்ணீர் இருந்தது; குழாயும் ஆளும் இருந்தனர். ஆனால் அவர்கள் கொணர்ந்த குழாய்களின் மரை பால்டிமோரின் தெருக்குழாய் வாயோடு பொருந்தவில்லை. தீ இரண்டாம் நாளும் எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, அந்நாட்டில் தீயணைப்புக் குழாய் இணைப்புகளில் மட்டும் 600க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் வழங்கியமை தெரியவந்தது. தம் அளவைத் தாமே வகுக்கும் உரிமையை ஒவ்வோர் ஊரும் பேணியது. அதன் விலையைப் பால்டிமோர் செலுத்தியது.

இரண்டாம் உலகப் போரிலும் இவ்வேறுபாடு இடர் தந்தது. பிரிட்டனின் மெர்லின் விமான எந்திரத்தை அமெரிக்காவில் செய்ய முற்பட்ட பாக்கார்ட் நிறுவனம், பிரிட்டானிய மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள நேர்ந்தது. போருக்குப் பின், 1948 நவம்பரில், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒருமித்த மரைமுறைக்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டன. கோணம் 60 பாகை என முடிவாயிற்று.

எந்திரத்தின் முன் நின்றவர்கள்

இதுகாறும் கூறியவை காப்புரிமை ஏட்டில் பெயர் பதிந்தோர் வரலாறு. ஏட்டில் இடம்பெறாத கைகளும் உண்டு.

தொடக்கத்தில் திருகாணியின் முனை மழுங்கியது. முன்னரே மரத்தில் துளையிட்டாலன்றி உள்ளே செல்லாது. கூர்முனைத் திருகாணி செய்யும் எந்திரத்துக்கு அமெரிக்கராகிய தாமஸ் ஸ்லோன் 1846இல் காப்புரிமை பெற்றார். அதன் பிரிட்டானிய உரிமையை 1854இல் பர்மிங்ஹாமின் நெட்டில்ஃபோல்ட் குடும்பத்தார் வாங்கினர். அதற்கு முதலீடு செய்த உறவினரின் மகனே, பின்னாளில் பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சராகிய ஜோசப் சேம்பர்லின். பதினெட்டு வயதில் அவர் பர்மிங்ஹாமுக்கு வந்தது இத்தொழிலைக் கவனிக்கவே. அவர் பெயரை நூல்கள் பேசுகின்றன. அந்நகரின் திருகாணி ஆலைகளில் எந்திரங்களின் முன் நின்றோருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிந்திலோம்.

பர்மிங்ஹாமை அடுத்த இரும்புத் தொழிற் பகுதியாகிய கிராட்லி ஹீத்தில், சிறு சங்கிலிகளை வீட்டுக் கொல்லைப்புறப் பட்டறைகளில் அடித்துச் செய்தவரும் பெண்களே. கூலியை இடைத்தரகர் வைத்ததே அளவு. 1909இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த தொழில் வாரியம், மணிக்கு இரண்டரைப் பென்னி குறைந்த அளவுக் கூலி என வரையறுத்தது. முதலாளிகள் அதனைத் தள்ளிப்போட முயன்றனர். 1910இல் மேரி மக்கார்தர் தலைமையில் அப்பெண்கள் பத்து வாரங்கள் வேலைநிறுத்தம் செய்து அக்கூலியைப் பெற்றனர். இரும்புக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்பதை 1841லேயே உணர்ந்த நாட்டில், அவ்விரும்பை அடித்த கைக்கும் ஒரு பொது அளவு வேண்டும் என்பது ஏற்கப்பட மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. எந்திர வரலாற்றைப் படிக்கும்போது நாம் நெஞ்சிற் கொள்ள வேண்டிய இடைவெளி இது.

இன்றும் நிற்பது

இன்று உலகில் பெருவழக்காயுள்ள மெட்ரிக் திருகாணியின் கோணமும் 60 பாகையே. விட்வொர்த்தின் 55 பாகை வழக்கொழிந்தது என்று எண்ணிவிட வேண்டா. தண்ணீர்க் குழாய் மரைகளில் அது வாழ்கிறது. இந்தியாவிலும் குழாய் மரைக்குரிய தர அளவு 55 பாகையே ஆதலின், நம் வீட்டு அரை அங்குலக் குழாயைத் திருகிப் பொருத்தும் தொழிலாளி, விட்வொர்த் தொகுத்துக் கண்ட விதியையே தம்மை அறியாமல் ஓதுகிறார். பழைய சொல் ஒன்று எங்கோ ஒரு வட்டார வழக்கில் உயிரோடிருப்பதைப் போன்றது இது.

கவிஞர்களாகிய நம் வட்டத்தார்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? விதி என்றவுடன் தளை என அஞ்சுவோரும் உளர். விதியே கவிதை என மயங்குவோரும் உளர். திருகாணியின் வரலாறு இருசாராருக்கும் விடை தருகிறது. பலர் கைவழக்கை மதித்துத் திரட்டிய விதி, பலரையும் ஒன்றாக உழைக்கச் செய்தது. செய்வோர் கைக்கு எளிதாகும் வகையில் திருத்தத்தை ஏற்ற விதி, நாடு கடந்தும் பரவியது. ஒருவர் முடுக்கிய திருகை அவரை அறியாத மற்றொருவர் வேறோர் ஊரில், வேறொரு காலத்தில் கழற்றவும் மீண்டும் பூட்டவும் இயலுகிறது. யாப்பும் அத்தகையதே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வகுத்த அகவலின் ஓசையில், நாம் இன்று கண்ட துயரையும் மகிழ்வையும் பொருத்திப் பாட முடிகிறது. அப்பொது அளவைப் பேணும்போதே, அதனைச் செய்தளித்த பெயரறியாக் கைகளையும் பாடுவது பாவலர் கடனாகும்.