ஒற்றைப் பத்திச் செய்திகளும் இரு சொட்டு மருந்தும்

பழைய பத்திரிகை நறுக்குகளை இட்டு வைத்திருக்கும் தகரப் பெட்டியைச் சென்ற வாரம் திறந்தேன். இடப்பெயர்வுகளுக்கும் கறையானுக்கும் தப்பியவை சிலவே. அவற்றுள் என் பெயர் தாங்கிய பெரிய கட்டுரைகளைத் தேடிய கைகளில் அகப்பட்டவை என் பெயரே இல்லாத சின்னஞ்சிறு செய்திகள். "இன்ன கழகத்தின் ஏற்பாட்டில் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடைபெறும், பொதுமக்கள் கலந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்ற வகையைச் சேர்ந்தவை.

வடமராட்சிச் செய்தியாளனாக நான் தொழிலைத் தொடங்கிய காலத்தில் இவற்றைக் 'கழகச் செய்திகள்' என்போம். ஒற்றைப் பத்தியில், நான்கு அங்குலத்தில், பக்கத்தில் இடம் மிஞ்சினால் மட்டும் வெளிவரும். தலைவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் மறுநாள் காலை வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு வந்த இளைஞனுக்கு இவை வரலாறாகத் தோன்றவில்லை. போரே வரலாறு, பேச்சுவார்த்தையே வரலாறு, இரத்ததான முகாம் வெறும் செய்தி என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

பருத்தித்துறைக்குப் பொதுத்தொண்டு புதியதன்று. தும்பளை வீதியில் இன்றும் நிற்கும் தெருமூடிமடத்தைக் கண்டவர்கள் இதனை ஒப்புக்கொள்வர். வீதியின் இரு மருங்கிலும் உயர்ந்த திண்ணைகள், கற்றூண்கள், மேலே வீதியையே மூடிய கூரை. நடுவே வண்டியும் மனிதரும் செல்ல வழி. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வந்தவரை 'நீ யார், எந்த ஊர்' என்று அந்தத் திண்ணை கேட்டதில்லை என்று எழுத ஆசைதான். ஆயினும் நம் சமூகத்தின் சாதி வழக்கங்களை அறிந்தவன் அவ்வாறு எளிதில் எழுதிவிட முடியாது. எனினும் வழிப்போக்கனின் களைப்பைத் தன் பொறுப்பாக எண்ணிய மனம் ஒன்று அங்கே இருந்தது என்பதில் ஐயமில்லை. மடம், கேணி, தண்ணீர்ப் பந்தல், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, கால்நடை உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக்கல் என யாழ்ப்பாணத்தார் செய்த அறங்கள் பலவகை. பின்னர் வந்தவை வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும். நாளிதழை இரவல் இன்றி முழுமையாக வாசிக்க நான் பழகியதும் அத்தகைய ஒரு நிலையத்தின் வாங்கிலே தான்.

இவற்றுக்குப் பிறகே மேலைநாட்டு வார்ப்பிலான சேவைக் கழகங்கள் நம்மிடம் வந்தன. சிக்காகோ நகரில் 1905 பெப்ரவரி 23 ஆம் நாள் போல் ஹரிஸ் என்னும் சட்டத்தரணி மூன்று நண்பர்களுடன் கூடியதே றோட்டரி இயக்கத்தின் தொடக்கம். உறுப்பினரின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூட்டம் நடத்தியமையால் அப்பெயர் வாய்த்தது. இலங்கையில் முதலாவது றோட்டரிக் கழகம் 1929 இல் கொழும்பில் உருவாயிற்று. லயன்ஸ் இயக்கமும் அதே சிக்காகோவில் 1917 இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியாற் பிறந்தது. 1925 இல் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அதன் மாநாட்டில் கெலன் கெல்லர் அம்மையார் தோன்றி, பார்வையற்றோருக்காகப் பணிபுரியுமாறு வேண்டினார். நம் ஊர்களில் லயன்ஸ் கழகம் என்றதும் கண் பரிசோதனையும் மூக்குக்கண்ணாடியும் நினைவுக்கு வருவதற்கு அந்த ஒரு பேச்சே மூலகாரணம்.

பருத்தித்துறையிலும் இவ்விரு இயக்கங்களின் கழகங்களும் இயங்கின. இத்தகைய கழகங்களில் வைத்தியர், சட்டத்தரணி, அதிபர், வர்த்தகர் என ஊரின் வசதி படைத்தோரே அமர்ந்தனர். கழுத்தில் பதக்கமாலை, மேசையில் சிறு மணி, பதவியேற்பு வைபவம், இராப்போசனம் என்பன ஊராரின் கேலிக்கு இலக்காயின. அந்தக் கேலியில் நியாயமும் இருந்தது. றோட்டரியின் உலக விதிகள் பெண்களுக்கு முழுமையாகக் கதவைத் திறந்தது 1989 இலே தான். அதாவது அதன் எண்பத்து நான்காம் வயதில்! நானும் கேலி செய்தவர்களுள் ஒருவன். 'நூறு ரூபாய்க்குக் கொப்பி கொடுத்து ஆயிரம் ரூபாய்க்குப் படம் எடுப்பவர்கள்' என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

அந்தச் சிரிப்பை நிறுத்தியது இளம்பிள்ளைவாதம்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தான். சிறு வயதிற் கண்ட காய்ச்சலில் அவனது இடது கால் சூம்பிப் போயிற்று. இரும்புச் சட்டம் பூட்டிய காலுடன் வருவான். பின்னாளில் வலது காலால் மட்டும் மிதித்துச் சைக்கிள் ஓடப் பழகி, எதிர்காற்றில் எங்களை முந்தினான். இலங்கையில் 1962 இல் இந்நோய் பெருமளவிற் பரவியது. அவ்வாண்டிலேயே வாய்வழிச் சொட்டு மருந்தும் அறிமுகமாயிற்று. மருந்து நாட்டுக்கு வந்தும் அவன் வாய்க்கு வந்து சேரவில்லை. தாயார் அதைப் பற்றிப் பேச நேர்ந்தால் தம்மையே நொந்துகொள்வார்.

மருந்து இருப்பது வேறு, அது கடைசிக் குழந்தையைச் சென்றடைவது வேறு. இந்த இடைவெளியையே றோட்டரி இயக்கம் தன் பணியாக ஏற்றது. 1979 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் சுமார் அறுபது இலட்சம் சிறுவருக்குச் சொட்டு மருந்து வழங்கும் திட்டத்துடன் அது தொடங்கிற்று. 1985 இல் 'போலியோ பிளஸ்' என்னும் உலகளாவிய திட்டமாக விரிந்தது. 1988 இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் முதலியவற்றுடன் கூட்டு முயற்சியாயிற்று. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் பேரை இந்நோய் தாக்கிக்கொண்டிருந்தது.

போலியோ வைரசை ஒழிக்கத் துண்டு துண்டாக மருந்து கொடுத்தாற் போதாது. ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், முன்னர் பெற்றவர் பெறாதவர் என்று பாராமல், நாடு முழுவதும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். சில வாரங்களின் பின் மீண்டும் கொடுக்க வேண்டும். வைரசு தங்கிச் செல்ல ஓர் உடலும் மிஞ்சாதபடி செய்வதே இதன் சூட்சுமம். ஒரு பிரதேசம் விடுபட்டாலும் முயற்சி வீண். இலங்கையில் இத்தகைய தேசிய தடுப்பு மருந்து நாள்கள் 1995 இல் தொடங்கின. 1995 என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவது எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சமாதானப் பேச்சு ஏப்ரலில் முறிந்தது. ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் மழையில் நனைந்தவாறு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். தென்மராட்சியும் வடமராட்சியும் நிரம்பி வழிந்தன. பாடசாலை மண்டபங்களில் நூற்றுக்கணக்கானோருக்கு இரண்டொரு மலசலகூடங்கள். மலத்தின் வழியாகப் பரவும் நோய்க்கு இதைவிட வாய்ப்பான களம் வேறில்லை.

போர் நடக்கும் நாட்டில் 'ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும்' என்பதற்குத் துப்பாக்கிகள் ஓய வேண்டும். இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. 1985 இல் எல் சல்வடோர் நாட்டின் உள்நாட்டுப் போரில், குழந்தைகளின் தடுப்பு மருந்துக்காக மூன்று நாள்கள் இரு தரப்பும் போரை நிறுத்தின. அவற்றை 'அமைதி நாள்கள்' என்றனர். அதே வழியில் இலங்கையிலும் அரசுடனும் விடுதலைப் புலிகளுடனும் பேசி இணக்கம் காணப்பட்டது. அரசு, யுனிசெப், றோட்டரி மூன்றும் சேர்ந்த செயலணிக்குத் தலைமை தாங்கியவர் இலங்கை றோட்டரியின் போலியோ பிளஸ் தலைவராயிருந்த கே. ஆர். ரவீந்திரன். பின்னாளில், 2015–16 இல், றோட்டரி இயக்கத்தின் உலகத் தலைவராகிய முதலாவது இலங்கையர் இவரே. அரசியல்வாதிகளும் இராசதந்திரிகளும் பெற முடியாத போர் நிறுத்தத்தை, நாள் கணக்கில் தான் என்றாலும், இரு சொட்டு மருந்து பெற்றுத் தந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொட்டு மருந்தை வாயில் விட்டவர்கள் கழகத்தினர் மட்டுமல்லர். குடும்பநல மாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தொண்டர்களாய் வந்த ஆசிரியரும் பெரும் பங்கு ஆற்றினர். 1990 க்குப் பின் குடாநாட்டில் தேசிய மின்சாரம் இல்லை; ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த விளக்கிலே தான் வாழ்ந்தோம். அந்த நிலையில் வெப்பம் பட்டாற் கெட்டுவிடும் ஒரு மருந்தை, தெற்கிலிருந்து போர்முனை தாண்டிக் கொண்டுவந்து, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கும் எறிகணைக்கும் நடுவே குளிர் குறையாமற் காத்து, பனிக்கட்டிப் பெட்டியைச் சைக்கிள் காரியரில் கட்டி ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டு சென்றனர். நெதர்லாந்திலோ நியூயோர்க்கிலோ ஒரு கழகத்தார் திரட்டிய நிதி, நம் ஊர்க் குடும்பநல மாது ஒருவரின் சைக்கிளில் முடிந்தது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் நாம் மறக்கலாகாது.

பயன் என்ன? இலங்கையில் போலியோ நோய் இறுதியாகக் கண்டறியப்பட்டது 1993 இல். இனி அது திரும்பாது என்று உறுதிசெய்யும் வேலி இந்தத் தேசிய நாள்கள். அயலில் இந்தியாவில் 2011 வரை நோய் இருந்தும், போரும் இடப்பெயர்வும் இங்கே தொடர்ந்தும், வைரசு மீளவில்லை. 2014 மார்ச் 27 ஆம் நாள் இந்தியா, இலங்கை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தின் 11 நாடுகள் போலியோ அற்றவை எனச் சான்றிதழ் பெற்றன. அன்று அச்செய்தியை நானும் வாசித்தேன். எங்கள் பக்கங்களில் அது சிறு செய்தி.

ஏனெனில் நடவாத ஒன்றைப் படம் எடுக்க முடியாது. கண்ணாடி கொடுத்தால் படம் உண்டு; கொப்பி கொடுத்தால் படம் உண்டு; கட்டடம் திறந்தால் கல்வெட்டு உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை றோட்டரிக் கழகங்கள் 25 பாடசாலைகளை மீளக் கட்டியெழுப்பின; சென்று காணலாம். ஆனால் சூம்பாத கால்களுக்கு எங்கே கல்வெட்டு வைப்பது? 1995 இல் தாயின் இடுப்பில் இருந்து வாய் திறந்த குழந்தை இன்று முப்பது வயது தாண்டிய மனிதர். அவர் இலண்டனில் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருக்கலாம், ரொறன்ரோவில் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். தம் கால் தமக்கு எவ்வாறு எஞ்சியது என்பதை அவர் அறியார்.

இன்றும் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் இந்நோயின் இயற்கை வைரசு ஒழியவில்லை. பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பணியாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டுள்ளனர். 2024 இல் காசாவில் கால் நூற்றாண்டின் பின் ஒரு குழந்தை போலியோவால் முடமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் தடுப்பு மருந்துக்காகப் பகுதி பகுதியாகச் சண்டை நிறுத்தப்பட்டது. அந்தப் படங்களைத் தொலைக்காட்சியிற் பார்த்தபோது, இடிபாடுகளுக்கு நடுவே குழந்தையைத் தூக்கி வரிசையில் நின்ற தாய்மாரின் முகம் எனக்குப் பழகிய முகமாயிருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 24 உலகப் போலியோ நாள். அன்று நம் ஊர்க் கழகங்களும் ஏதேனும் நிகழ்வு நடத்தும். அழைப்பிதழில் அச்சிட்டபடி மங்கள விளக்கேற்றலும் வரவேற்புரையும் நடைபெறட்டும். அத்துடன் ஒரு வேண்டுகோள். இத்தகைய கழகங்கள், சனசமூக நிலையங்கள், புலம்பெயர்ந்த நாடுகளின் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் யாவும் தத்தம் கூட்டக் குறிப்பேடுகளையும் அறிவித்தல்களையும் எறிந்துவிடாமற் காக்க வேண்டும். அமைதி நாள்களில் பனிக்கட்டிப் பெட்டி சுமந்த ஓய்வுபெற்ற குடும்பநல மாதர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு அமையாமல், அருகிருந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போரின் ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்திருக்கிறோம். போர் ஓய்ந்த நாள்களை எழுத மறந்தோம். அந்தத் தவற்றில் என் பங்கும் உண்டு.

என் தோழன் இப்போது கனடாவில் இருக்கிறான். முதுமையில் நல்ல காலும் தளர்கிறது என்று சென்ற மாதம் தொலைபேசியிற் சொன்னான். இளமையில் இந்நோய் கண்டவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் பின் இவ்வாறு நேர்வதுண்டாம். இக்கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

"எழுது மச்சான். எனக்குப் பிறகு எங்கட ஊரில ஒருத்தரும் இந்தச் சட்டம் பூட்டக்கூடாது எண்டு அம்மா நேர்ந்தவ. அது நடந்திட்டுது எண்டு எழுது" என்றான்.

எழுதிவிட்டேன்.