புள்ளைக்கு வந்த கடிதத்தைக் குப்பைக்குள் போட்டது யார்?

 

போன மாதம் எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தியின் உம்மா வீட்டுக்கு வந்தார். மகள் ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ஆனால் அது ஸ்பேம் பெட்டிக்குள் ஒன்பது நாள் கிடந்து, நேர்முகம் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. "சேர், புள்ளைக்கு வந்த கடிதத்த குப்பைக்குள்ள போட்டது ஆரு?" என்று கேட்டார் உம்மா.

அந்த இடத்தில் எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்தோம். பதில் 160 வருடங்களுக்கு முன்னால் தொடங்குகிறது.

1864 மே மாத இறுதி. லண்டனில் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலருடைய வீடுகளுக்கு மாலை நேரத்தில் தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்தி என்றால் மௌத்துச் செய்தியோ, நாட்டு விவகாரமோ என்று நெஞ்சு பதறும். பிரித்துப் பார்த்தால் கேப்ரியல் என்ற பல் வைத்தியர்களின் விளம்பரம்! எத்தனை மணிக்கு வைத்தியசாலை திறந்திருக்கும் என்ற விபரம். கோபம் கொண்ட ஒருவர் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார். இவர்களோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை, எந்த உரிமையில் என்னைத் தொந்தரவு செய்கிறார்கள் என்பதுதான் அவர் கேட்டது. பல் வைத்தியம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. கேட்காமல் வந்ததுதான் குற்றம் என்றார்.

1978 மே மாதம். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்ற விற்பனையாளர், புதிய கணினியைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். வலையமைப்பை நடத்திய பாதுகாப்புத் துறையினரிடமிருந்து கண்டனம் வந்தது. ஆனால் வியாபாரம் நன்றாக நடந்தது என்று துர்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நோய் தொற்றியது அங்கேதான். அனுப்புகிறவருக்குச் செலவு இல்லை. ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் இலாபம். மற்ற 999 பேரின் நேரம் யாருடைய கணக்கிலும் வராது.

1994 ஏப்ரல் 12. அரிசோனாவைச் சேர்ந்த கணவன் மனைவியான இரண்டு சட்டத்தரணிகள், கிரீன் கார்ட் லொத்தருக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம் என்ற விளம்பரத்தை ஆயிரக்கணக்கான இணையச் செய்திக் குழுக்களில் போட்டார்கள். அந்த லொத்தர் நம் ஊருக்கும் தெரிந்ததுதானே! விண்ணப்பக் காலம் வந்தால் கொமினிகேஷன் கடைகளில் இடம் இருக்காது. 'ஸ்பேம்' என்ற பெயர் பலர் வாயில் புழங்கத் தொடங்கியது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். உண்மையில் அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பன்றி இறைச்சி டின் ஒன்றின் பெயர். எதைக் கேட்டாலும் அதே டின் இறைச்சிதான் வருகிறது என்று 1970இல் ஒரு பிரித்தானிய நகைச்சுவைக் குழு கேலி செய்ததால் இந்தப் பொருள் ஒட்டிக்கொண்டது. ஆக, பெயரும் நமக்கு ஆகாதது!

சிரிப்பை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 கிண்ணியாவிலும் மூதூரிலும் இருப்பவர்களுக்கு ஒரு திகதி மட்டுமல்ல. கிண்ணியா வைத்தியசாலையையே கடல் கொண்டுபோனது. நாம் ஜனாஸாக்களைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், நம் அழிவைச் சொல்லி உலகமெங்கும் போலி மின்னஞ்சல்கள் பறந்தன. நன்கொடை கேட்டன. காணாமல் போனவரைக் கண்டுபிடித்துத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்றன. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. இதைப் பற்றி எச்சரிக்கை விட வேண்டி வந்தது. சுனாமிக்கு உதவுங்கள் என்ற தலைப்போடு ஒரு கணினி வைரஸும் சுற்றியது. நம் மையித்துகளின் பெயரில் வந்த கடிதங்கள் அவை. அதற்குப் பிறகு உண்மையான உதவிக் கடிதத்தையும் சந்தேகத்தோடுதானே ஒருவர் திறப்பார்?

இப்போது உம்மாவின் கேள்விக்கு வருவோம். இந்த வெள்ளத்தைத் தடுக்கத்தான் வடிகட்டிகளைச் செய்தார்கள். நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்பது வடிகட்டிக்குத் தெரியாது. சொற்களையும் அனுப்பியவரின் பழைய நடத்தையையும் பார்த்து ஊகிக்கும். "தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள்", "உடனடியாகப் பதில் அனுப்பவும்" என்று லொத்தர்க்காரனும் எழுதுகிறான், நேர்முகத்துக்கு அழைப்பவரும் எழுதுகிறார். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போய்விடலாம். பிள்ளையின் கடிதத்தைக் குப்பைக்குள் தள்ளியது கேட்காமல் கதவைத் தட்டிய அத்தனை பேரும்தான்.

எது ஸ்பேம் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டாம் என்று நீங்கள் சொல்லும்வரை விளம்பரம் அனுப்பலாம். ஐரோப்பா 2002இலேயே, முதலில் சம்மதம் கேள் என்றது. நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் கேட்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த பகுதிகள் பிற்போடப்பட்டன.

நமக்கு இது புதுப் பாடமா? வாசலில் நின்று ஸலாம் சொல்லி, மூன்று முறை அனுமதி கேட்டு, பதில் இல்லையென்றால் திரும்பிப் போ என்றுதான் மதரஸாவில் படித்தோம். கையில் கொண்டுவந்தது நல்ல பொருளா கெட்ட பொருளா என்பது அதற்குப் பிறகுதான். நம் துறைமுகத்துக்குள் கப்பல்கூடக் கேட்டுத்தானே வருகிறது!

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டியூஷன் வகுப்புக்காரர் கேட்டபோது, நல்ல காரியம்தானே என்று பெற்றோரின் தொலைபேசி இலக்கப் பட்டியலைக் கொடுத்தோம். அன்றிலிருந்து அவர்களுக்குக் காணி விளம்பரம், கடன் விளம்பரம் என்று வந்துகொண்டே இருக்கிறது. அந்த இலக்கங்கள் எங்களுக்குச் சொந்தமானவை அல்ல, அமானிதம். பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். விண்ணப்பம் போட்டிருக்கும் பிள்ளைகளின் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடுத்தவர் இலக்கத்தை யாருக்காவது கொடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தப் பிள்ளை நடந்ததை விளக்கி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. இப்போது தினமும் இரண்டு பெட்டிகளையும் பார்க்கிறாளாம். துஆ செய்யுங்கள்.