நாய்க்கு அடிக்கடி வயிற்றுப்போக்கா? பிரச்னை சாப்பாட்டில்தானா என்று கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் வாக்கிங் போன நாய் மூன்றாவது முறையாக உட்காருகிறது. மலம் கூழ் மாதிரி போகிறது. இரண்டு நாள் தயிர்சாதம் கொடுத்தால் சரியாகிவிடுகிறது, அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. பிராண்டை மாற்றிப் பார்ப்பது, சிக்கனை நிறுத்திப் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையைக் கொடுப்பது என்றே பல வீடுகளில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் நாய் இளைத்துப் போகிறது.

வயிற்றுப்போக்கு, வாந்தி, எடை குறைவு போன்ற தொல்லைகள் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தாலோ அதை நாள்பட்ட பிரச்னையாகத்தான் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இதில் உணவின் பங்கு என்ன? வீட்டில் என்ன செய்யலாம்? பார்ப்போம்.

ஒவ்வாமை வேறு, ஒத்துக்கொள்ளாதது வேறு

இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். ஆனால் காரணம் வேறு வேறு.

உணவில் இருக்கும் ஒரு புரதத்தை உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துத் தாக்கினால் அது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. கொஞ்சம் சாப்பிட்டாலே போதும், தொல்லை வரலாம்.

ஒத்துக்கொள்ளாமல் போவதில் எதிர்ப்பு சக்திக்கு வேலை இல்லை. செரிமானம்தான் சிக்கல். பால் இதற்கு நல்ல உதாரணம். குட்டியாக இருக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி நாயின் குடலில் நிறைய சுரக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு அது குறைந்துவிடும். அதனால்தான் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு ஒரு கிண்ணம் பால் வயிற்றைக் கலக்கிவிடுகிறது. தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் சில நாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். ஆனால் பால் புரதத்துக்கே அலர்ஜி என்றால் தயிரும் கூடாது.

எந்த உணவுகள் அதிகம் சிக்கல் தருகின்றன?

தோல் அலர்ஜி உள்ள 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் மாட்டிறைச்சி 34 சதவிகிதம், பால் பொருட்கள் 17 சதவிகிதம், கோழி 15 சதவிகிதம், கோதுமை 13 சதவிகிதம் என முதல் நான்கு இடங்களைப் பிடித்தன. நாய்கள் அடிக்கடி சாப்பிடும் உணவுகளே பட்டியலிலும் முன்னால் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பழகிய உணவுக்கு அலர்ஜி வராது என்பது தவறு. வருடக்கணக்கில் சாப்பிட்டு வந்த சிக்கனே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

"சோறு போட்டதால்தான் இப்படி" என்று அரிசி மேல் பழியைப் போடுவதும் நடக்கிறது. அரிசிக்கு அலர்ஜி வருவது அரிது. மனிதனோடு வாழ்ந்து பழகியதில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்கு அதிகமாகிவிட்டன என்று 2013-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

அறிகுறிகள் என்னென்ன?

- மலம் இளகலாக, சளியோடு, வழக்கத்தைவிட அதிக தடவை போவது
- அடிக்கடி வாந்தி, வயிறு உறுமுவது, வாயு
- வருடம் முழுக்க அரிப்பு, பாதங்களை நக்கிக்கொண்டே இருப்பது
- காதில் திரும்பத் திரும்ப வரும் தொற்று

வயிற்றுத் தொல்லையும் அரிப்பும் சேர்ந்தே இருந்தால் உணவு மீது சந்தேகம் வலுக்கும்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உணவைக் குறை சொல்வதற்கு முன் மருத்துவர் வேறு சிலவற்றைப் பார்ப்பார். நம் ஊரில் முதல் சந்தேகம் குடற்புழு. கொக்கிப்புழு, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் இதே மாதிரி தொல்லை தரும். மலப் பரிசோதனை அவசியம். கணையம், கல்லீரல், அட்ரீனல் சுரப்பி பிரச்னைகளும் இப்படித் தலைகாட்டலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போய், மலம் நிறைய போகும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு கணையம் செரிமான நொதியைச் சுரக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அந்த இனத்தில் இந்தக் குறைபாடு கூடுதலாக வருகிறது.

எலிமினேஷன் டயட்: எப்படிச் செய்வது?

உணவு அலர்ஜியை உறுதி செய்ய இன்றைக்கும் நம்பகமான வழி இது ஒன்றுதான். ரத்தம், முடி, எச்சிலை வைத்துச் செய்யும் அலர்ஜி டெஸ்ட்கள் இதற்கு நம்பகமானவை இல்லை.

1. நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து மட்டும் தேர்வு செய்ய வேண்டும். கோழியும் சோறுமாக வளர்ந்த நாய்க்கு முள் நீக்கிய மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஒரு உதாரணம். இல்லையென்றால், புரதத்தை மிகச் சிறிதாக உடைத்துத் தயாரிக்கும் 'ஹைட்ரோலைஸ்டு' உணவை மருத்துவர் பரிந்துரைப்பார்.
2. பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரு வாரத்தில் படிப்படியாக மாற வேண்டும்.
3. வயிற்றுப் பிரச்னை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும். அரிப்புக்கு எட்டு வாரம் வரை பொறுக்க வேண்டும்.
4. சரியான பிறகு பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் தொல்லை திரும்பினால் சந்தேகம் உறுதி. பிறகு ஒவ்வொரு பொருளாகக் கொடுத்து எது வில்லன் என்று பிடிக்கலாம்.

வீட்டில் சமைக்கும் இந்த உணவில் கால்சியம் உட்பட பல சத்துகள் குறைவு. சோதனைக் காலத்துக்கு மட்டும்தான் இது. குட்டிகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் நாயிடம் இல்லை, வீட்டு ஆட்களிடம்தான். அம்மா கவனமாக மீன் வேகவைத்துக் கொடுப்பார். தாத்தா டீ குடிக்கும்போது அரை பிஸ்கட்டை கீழே நீட்டுவார். அதில் கோதுமையும் பாலும் இருக்கிறது. ஆறு வார உழைப்பு அங்கேயே போச்சு. சிக்கன் சுவை சேர்த்த பூச்சி மாத்திரை, மெல்லும் எலும்பு, தெருவில் கிடக்கும் பிரியாணி எலும்பு எல்லாமே கணக்குதான். மருந்தை நிறுத்தத் தேவையில்லை, சுவை சேர்க்காததைக் கேட்டு வாங்கினால் போதும்.

இன்னொரு தவறு, மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது. மெட்ரோனிடசோல் போன்றவை தற்காலிகமாக நிறுத்தினாலும் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் கலைத்துவிடும். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற மனிதர்களின் வலி மாத்திரைகள் நாய்க்கு விஷமாகலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட்டும் கூடாது. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றில் முதல் இரண்டும் இருக்கும் என்பது பலருக்கு நினைவே வருவதில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மலத்தில் ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு நிறம், நிற்காத வாந்தி, தண்ணீர்கூட தங்காதது, வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பு மட்டும் வருவது, ஈறு வெளுத்துப்போவது, எழ முடியாத சோர்வு. இதில் ஒன்று இருந்தாலும் டயட் யோசிக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி முடிக்காத குட்டிக்கு வாந்தியும் பேதியும் வந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அதில் சில மணி நேரத் தாமதமே உயிருக்கு ஆபத்து.

முழுசா குணமாகுமா?

உணவு அலர்ஜியை மருந்தால் இல்லாமல் ஆக்க முடியாது. ஆனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிட்டால், அதைத் தவிர்த்தே நாய் ஆயுசு முழுக்க நிம்மதியாக இருக்கலாம். உணவை மாற்றியும் சரியாகாத நாய்களுக்கு குடல் அழற்சி இருக்கிறதா என்று ஸ்கேன், பயாப்ஸி மூலம் பார்த்து மருந்து கொடுப்பார்கள்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒரு நோட்டில் தினமும் என்ன சாப்பிட்டது, மலம் எப்படி இருந்தது, வாரம் ஒருமுறை எடை எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நாயால் சொல்ல முடியாததை மருத்துவரிடம் அந்த நோட்டு சொல்லும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள்: 'பிஸ்கட் கொடுக்காதீங்க.'