காத்தலும் திருத்தலும்

நூலகப் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று விழாக் குழுவினர் இல்லம் தேடி வந்து கேட்டார்கள். பணிக்காலம் முழுவதும் அந்த நூலகத்தின் உப்பைத் தின்று வளர்ந்தவன் நான்; மறுக்க இயலுமா? நூலகம் எழுந்த வரலாறும் கொடையாளர் பெருமக்களின் தொண்டும் நம் எல்லோர் நெஞ்சிலும் உள்ளவை; மலரின் பிற பக்கங்களிலும் அவை இடம்பெறும். ஆகவே என் மனத்துக்கு நெருக்கமான வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். உலகின் ஆய்விதழ்களைக் கணினியில் சேர்த்து நூலகங்களுக்கு வழங்கும் இணைய ஆவணகங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஓயாமல் நடக்கும் திருத்தப் பணியே அது. கோயிலில் விடியுமுன் வந்து விளக்குத் துடைத்துத் திரி மாற்றுபவரை யாரும் பார்ப்பதில்லை, சுடரைத்தான் பார்க்கிறோம். இந்தப் பணியும் அத்தகையது.

செல்லரித்த ஏடும் கல்லில் கிடைத்த பதிகமும்

திருமுறை கண்ட வரலாற்றைச் சைவ உலகம் நன்கு அறியும். தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது மூவர் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து மண்ணைக் கரைத்து எடுத்தார்கள். அரித்தது போக எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி முறைப்படுத்தினார். ஞானசம்பந்தப் பெருமான் பாடியவை பதினாறாயிரம் பதிகங்கள் என்பது மரபு. நமக்கு எஞ்சியவை 383.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். இதன் பின் நடந்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன். நம்பி தொகுத்து ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கடந்த பிறகு, திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஏட்டில் இல்லாதது கல்லில் இருந்தது. தொகுப்பு முடிந்துவிட்டது, இனி இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. 384 ஆவது பதிகமாக அதைச் சேர்த்துக்கொண்டு ஓதுகிறோம்.

பூட்டி வைத்த ஏட்டைச் செல் அரித்தது; திறந்து வைத்த தொகுப்போ ஒன்பது நூற்றாண்டு கழித்தும் வளர்ந்தது. காத்தல் என்றால் திருத்திக்கொண்டே இருத்தல் என்று நான் கற்றது இங்கேதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடல் கடந்து செல்வோம்.

அலமாரியில் இடமில்லை

ஜேஸ்டோர் என்ற இணைய ஆவணகத்தை நம் ஆய்வு மாணவர்கள் அனைவரும் அறிவர். அது பிறந்த கதையைத் தெரிந்தவர் சிலரே. வில்லியம் பௌவன் என்ற பொருளியல் அறிஞர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1972 முதல் 1988 வரை இருந்தவர். பின்னர் மெல்லன் அறக்கட்டளையின் தலைவரானார். ஒஹையோ மாநிலத்தில் தாம் பயின்ற டெனிசன் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவராகவும் இருந்தார். அங்கே நூலகத்தை விரிவாக்கப் பணம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. காரணம், பழைய ஆய்விதழ்களின் பைண்டு செய்த தொகுதிகள் அலமாரிகளை அடைத்துக்கொண்டு வந்தமை. ஒரே இதழின் ஒரே தொகுதி ஆயிரம் நூலகங்களில் ஆயிரம் அலமாரிகளை ஏன் அடைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அறக்கட்டளையின் நிதியுதவியோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய இதழ்களைக் கணினிவழிப் பகிர்வதற்கான மென்பொருள் உருவாயிற்று. பொருளியலிலும் வரலாற்றிலும் சேர்த்துப் பத்தே இதழ்களோடு பணி தொடங்கியது. 1995 ஆகஸ்டில் ஜேஸ்டோர் இலாப நோக்கற்ற தனி அமைப்பாயிற்று. கெவின் கத்ரி அதன் முதல் தலைவர். 1997 முதல் நூலகங்கள் சந்தா செலுத்திச் சேரலாயின. பத்து இதழ்கள் இன்று 2,800க்கும் மேல் ஆகியுள்ளன.

பதிப்பாளர்களின் சந்தா வருவாய் குறையாதிருக்க, அண்மைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகளின் இதழ்களை விட்டுவிட்டுப் பழையவற்றை மட்டும் தரும் ஏற்பாடு பெரும்பாலான இதழ்களுக்குச் செய்யப்பட்டது. ஆண்டு ஒன்று பிறந்தால் எல்லையும் ஓராண்டு முன்னே நகரும். அதற்கு நகரும் சுவர் என்று பெயர். 2011 செப்டம்பரில், அமெரிக்காவில் 1923க்கு முன்பும் பிற நாடுகளில் 1870க்கு முன்பும் வெளியான கட்டுரைகளை யாவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்துவிட்டார்கள். அன்னசத்திரம் திறந்ததற்கு நிகரான புண்ணியம் அது.

நன்னூலார் காட்டும் குற்றங்கள்

இனி என் விருப்பத்துக்குரிய நூலுக்கு வருகிறேன். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைத் தொகுத்துச் சொல்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முனிவர் கணினியைக் கண்டவரல்லர். ஆயினும் ஆவணகத்தில் நேரும் பிழைகளை நான் வகைப்படுத்த முயன்றபோதெல்லாம் அவர் வகுத்த பெயர்களே கைகொடுத்தன.

முதலாவது, குன்றக் கூறல். வேண்டியது விடுபடுவது. பல்லாண்டுகளுக்கு முன் வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி என் மேசைக்கு வந்து, “ஐயா, கட்டுரை நடுவில் எதையோ காணோம்” என்றாள். திரையில் 213 ஆம் பக்கம் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றது. அடுத்து வந்தது 216. அந்த ஆவணகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதே தொகுதி நம் அடுக்கறையில் இருந்தது. சிவப்புத் துணி பைண்டு, முதுகில் பொன்னெழுத்து மங்கியிருந்தது. எடுத்து விரித்தோம். 214, 215 ஆகிய இரு பக்கங்களும் பத்திரமாக இருந்தன. அவை எதிரெதிர்ப் பக்கங்கள். அவர்கள் படமெடுத்த பிரதியில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டிருக்க வேண்டும் என்று ஊகித்தேன். அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து, இதழின் பெயர், தொகுதி, இதழ் எண், பக்க எண் எல்லாம் குறித்து எழுதி அனுப்பினோம். சில வாரங்கள் கழித்து அவள் ஓடி வந்து, “ஐயா, வந்துவிட்டது!” என்றாள். 213க்குப் பின் 214 இருந்தது. நம் அடுக்கறையின் இரு பக்கங்கள் உலகத்துக்குச் சென்று சேர்ந்தன. திருவிடைவாய்க் கல்வெட்டு அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

ஜேஸ்டோர் போன்ற அமைப்புகள் இக்குற்றத்தைத் தொடக்கத்திலேயே தடுக்கப் பெருமுயற்சி செய்கின்றன. ஸ்கேன் செய்வதற்கு முன்பே தொகுதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கிழிந்தது எது, இல்லாதது எது என்று குறித்து, வேறு நூலகத்திலிருந்து நல்ல பிரதியைத் தேடிப் பெறுவார்கள். அட்டை முதல் அட்டை வரை, முகப்புப் பக்கங்களையும் விடாமல் படமெடுப்பார்கள்.

அடுத்து, கூறியது கூறல். ஒரே பக்கம் இருமுறை படமாவதும், ஒரே கட்டுரை இரு பதிவுகளாகத் தோன்றுவதும் இதில் அடங்கும். இது களைவதற்கு எளிது.

கடினமானது மயங்க வைத்தல். ஆசிரியர் பெயரில் நேரும் மயக்கத்தைச் சொல்கிறேன். மேலைநாட்டு முறையில் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயர். அந்தக் கண்ணோடு நம் பெயர்களைப் பார்த்தால் நீலகண்ட சாஸ்திரியார் வெறும் சாஸ்திரி ஆகிவிடுவார். தந்தையின் பெயரைப் பின்னால் எழுதிய ஒருவர் தந்தையின் பெயராலேயே அகரவரிசையில் நிற்பார். முதலெழுத்து மட்டும் ஒத்த இரு வேறு அறிஞர்கள் ஒருவராகிவிடுவதும் உண்டு. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கும் ஆர்க்கிட் என்னும் ஏற்பாடு 2012இல் வந்தது இம்மயக்கம் தீரவே. அதற்கு முன் மறைந்தவர்களுக்கு எண் ஏது? அவர்களைப் பிரித்தறிய மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வழூஉச்சொல் புணர்த்தல் என்பதை எழுத்துணரி செய்யும் பிழைக்குச் சொல்வேன். பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துகளைத் தானே அறியும் மென்பொருளே எழுத்துணரி. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது கணினி தேடுவது அந்த மறைவான உரையில்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்து சரியாக இருந்தாலும், 2,000 எழுத்துள்ள பக்கத்தில் 20 பிழை நிற்கும். அந்த இருபதில் ஒன்று நாம் தேடும் சொல்லில் விழுந்தால் கட்டுரை இருந்தும் இல்லாததே. இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1665 மார்ச்சில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கியது. அதன் பழைய தொகுதிகளும் ஜேஸ்டோரில் உண்டு. அக்கால ஆங்கில அச்சில் ‘எஸ்’ எழுத்து நீண்டு ‘எஃப்’ போலத் தோன்றும். எழுத்துணரி அதை ‘எஃப்’ என்றே படித்துவிடும்.

நம் ஏட்டுச் சுவடிகளைக் கையாண்டவர்களுக்கு இது புதிதன்று. ஏட்டில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர் அந்த மயக்கத்தினூடேதான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பதிப்பித்ததோடு நின்றாரா? மேலும் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுத் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். தம் பதிப்பைத் தாமே திருத்தும் அந்தப் பணிவு பெரும் புலமையின் அடையாளம்.

ஐயர் கற்பித்த இன்னொன்றும் உண்டு. ஏடுகளில் கண்ட பாட வேறுபாடுகளை அவர் மறைக்காமல் அடிக்குறிப்பில் தந்தார். ஆவணகத்தாரும் இந்த அறத்தையே போற்றுகின்றனர். 1920இல் அச்சுக்கோத்தவர் செய்த பிழை அந்த இதழின் வரலாறு. அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. ஸ்கேன் செய்யும்போதும் பட்டியலிடும்போதும் நாம் புகுத்திய பிழையை அப்படியே விடுவதற்கும் நமக்கு உரிமை இல்லை. இதழே பின்னர் பிழைதிருத்தம் வெளியிட்டிருந்தால், மூலக் கட்டுரையை மாற்றாமல், திருத்தத்தை அதனோடு இணைத்துக் காட்டுவதே நேர்மை.

மாறிய வீதியும் மாறாத முகவரியும்

இணைய முகவரி மாறுவதால் நேரும் இடரும் சிறிதன்று. ஜேஸ்டோர் தொடக்கத்தில் கட்டுரைகளுக்குத் தந்த நிலையான முகவரிகள் நீண்டவை. இதழின் எண், அடைப்புக்குறிக்குள் ஆண்டு, தொகுதி எண், கோண அடைப்புக்குள் தொடக்கப் பக்கம் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். அந்த அமைப்பு அறிவுக்கு அழகானது; மின்னஞ்சலில் ஒட்டினாலோ முகவரி கோணக் குறியில் உடைந்து போகும். பின்னாளில் சிறிய எண் ஒன்றே முகவரியாயிற்று. அப்போது பழைய முகவரியோடு வருபவரையும் புதிய வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்க வழி செய்தார்கள். வீதியின் பெயர் மாறினாலும் பழைய பெயர் கேட்டு வரும் முதியவருக்கு வழி சொல்லும் பண்பு இது.

இதழ்களின் பெயரும் மாறும். ராயல் ஆசியக் கழகத்தின் இதழ் முதலில் வேறு பெயரில் வந்து, 1834இல் புதிய பெயரைப் பெற்றது. போப்பையர் புறநானூற்றைப் பற்றி எழுதிய இதழ் அது. பெயர் மாற்றத்தை அறியாதவன் பாதித் தொகுதிகளை இழப்பான். ஆகவே முன்பெயரையும் பின்பெயரையும் ஆவணகம் கோத்து வைக்கிறது.

ரங்கநாதனார் வாக்கு

சீர்காழி ஈன்ற நூலகத் தந்தை ரங்கநாதனார் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நம் தொழிலின் மறை என்றே போற்றுகிறேன். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது அவற்றில் நான்காவது. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. உடைந்த இணைப்பில் பத்து நிமிடம் அலையும் மாணவரிடத்தில் நான்காம் விதி மீறப்படுகிறது. திருத்தமே காணாத ஆவணகத்தில் ஐந்தாம் விதி மீறப்படுகிறது. உயிருள்ளது எதுவும் நாள்தோறும் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். அவர் அவ்விதிகளை வெளியிட்டபோது கணினி இல்லை. அவர் வாக்கோ கணினிக்கும் பொருந்துகிறது.

வேண்டுகோள்

நூலகத்தாருக்கு: எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது என்று பைண்டு தொகுதிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜேஸ்டோரே தன் இதழ்களின் அச்சுப் பிரதிகளைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் காத்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறது. மின்வடிவில் குறை நேர்ந்தால் மெய்க்குச் சான்று தாள்தான்.

மாணவச் செல்வங்களுக்கு: பிழையைக் கண்டால் முகம் சுளித்துக் கடந்து போகாதீர்கள். பக்க எண்ணைக் குறித்து, நூலகரிடம் சொல்லி, எழுதி அனுப்பச் செய்யுங்கள். கலைமகள் திருநாளில் ஏடுகளை அடுக்கிச் சந்தனம் வைத்து வணங்குகிறோம். மறுநாள் விஜயதசமியன்று ஏட்டைப் பிரித்து நாலு வரியாவது படிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். வருகிற விஜயதசமியன்று நம் நூலகத்தில் கூடுங்கள். ஆளுக்கொரு பழைய தொகுதியை அடுக்கறையிலிருந்து எடுத்துத் திரைக்கு அருகில் விரியுங்கள். தாளையும் திரையையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வாருங்கள். 213க்குப் பின் 214 இருக்கிறதா என்று பாருங்கள்.